ஒன்பது அடி நகர்ந்த பாதை

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. தேவகி தன் வீட்டு வராந்தாவில் நின்றுகொண்டு ஒரு பாதையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள்.

பாம்பைப் பார்த்துப் பயப்படலாம். வெறிநாயைப் பார்த்துப் பயப்படலாம். போர்ட்டிகோவிலிருந்து கேட் வரைக்கும் புத்தம் புதிதாகப் போட்ட கார் பாதையைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? சிவப்புக் கிராவல் மண், மேலே பொடி ஜல்லி, இரண்டு ஓரமும் சுண்ணாம்பு அடித்த செங்கல். ஆரணியில் கார் வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். காருக்கென்று தனியாகப் பாதை போட்ட வீடு இது ஒன்றுதான். தெருவோடு போகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று வாயைப் பிளந்துவிட்டுப் போனார்கள். தேவகிக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளங்கை வியர்த்தது.

ஏழு மாதக் கர்ப்பிணி அவள். நேற்றுத்தான் வளைகாப்பு முடிந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். கை நடுங்க நடுங்க அவை குலுங்கி அவளைக் காட்டிக் கொடுத்தன. ஒரு கையால் மறுகை வளையல்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டையும் மஞ்சள் பையுமாகப் பள்ளிக்கூட வாத்தியார் தோற்றத்தில் இருந்தவர் ராஜவேலு. வேலூரில் துப்பறியும் தொழில் செய்பவர். பக்கத்தில் இருந்த ஒல்லிப்பிச்சான் அவருடைய உதவியாளன் சின்னக்கண்ணு. அவன் வாய் மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. தேவகியின் சிநேகிதிக்குத் தொலைந்த நகையை மீட்டுக் கொடுத்தவர்கள் என்ற நம்பிக்கையில், புதன்கிழமை புருஷனுக்குத் தெரியாமல் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதிப் போட்டிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள். யார் கேட்டாலும் சிமென்ட் கம்பெனி ஆட்கள் என்று சொல்வதாக ஏற்பாடு. பர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை சிமென்ட் கிடைக்காத வருஷம் அது. அந்தப் பெயரைச் சொன்னால் எந்த வீட்டிலும் காபி கிடைக்கும்.

"நூல் நகர்ந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே அம்மா, அதை ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்க" என்றார் ராஜவேலு.

"போன சனிக்கிழமை சாயங்காலம் தனக்கோடி மேஸ்திரி முளை அடிச்சு நூல் கட்டிட்டுப் போனாரு சார். அதோ அந்தச் செம்பருத்திக்கு இந்தப் பக்கம், காம்பவுண்டு சுவரை ஒட்டி. நான்தான் பக்கத்துல நின்னு இடம் காட்டினேன். அன்னிக்கே பெரணமல்லூர்ல அவங்க வீட்டுல சாவுன்னு தகவல் வந்து அவரு போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை காலையில பார்க்கறேன், நூல் செம்பருத்திக்கு அந்தப் பக்கம் இருக்குது."

"செம்பருத்தி நடந்து இந்தப் பக்கம் வந்திருக்கலாம் அக்கா" என்றான் சின்னக்கண்ணு. "ஆரணிச் செடிங்க கொஞ்சம் வாக்கிங் போவும்னு கேள்விப்பட்டேன்."

தேவகிக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிச்சாரு. மாசமா இருக்கிறவளுக்கு எல்லாம் இடம் மாறித்தான் தெரியும்னாரு. கூலியாளுங்க வந்தாங்க, நூல் இருந்த இடத்துல தோண்டினாங்க, கிராவல் கொட்டினாங்க. நான் சொன்னதை யாரும் காதுல போட்டுக்கல. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல சார். யாரோ என்னை என்னமோ பண்ணப் போறாங்க. எனக்கு நல்லாத் தெரியுது. என்னன்னுதான் தெரியல."

சொல்லிவிட்டுத் தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

போர்ட்டிகோவில் ஒரு வெள்ளை அம்பாசிடர் கார் நின்றிருந்தது. பாதை வேலை தொடங்குவதற்கு முன்பே வந்தது, இன்னும் வெளியே எடுக்கவில்லை. இன்றைக்கு ஒன்பதரை மணிக்கு அதில் ஏறித் தேவகி வந்தவாசியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகிறாள். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் கிளம்பியாக வேண்டும். ஆரத்தி கரைக்க வேண்டும், வாசல் தெளிக்க வேண்டும் என்று அம்மா நேற்றுச் சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள். புருஷன் வேணுகோபால் காருக்கு மாலையும் பூசணிக்காயும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுவார்.

"வண்டியில யார் யார் போறீங்க?"

"நானும் டிரைவரும்தான். அவரு ஞாயித்துக்கிழமை பஸ்ல வரேன்னாரு. முகூர்த்த சீசன், கடையைப் போட்டுட்டு வர முடியாதாம்."

ராஜவேலு தலையை ஆட்டினார். "இந்த வீடு யாரோடது?"

"எங்கப்பா வாங்கிக் குடுத்தது. பட்டுக் கடையும் அவரு வெச்சுக் குடுத்ததுதான். போன வருஷம் தவறிட்டாரு. எனக்கு, எனக்கப்புறம் என் குழந்தைக்குன்னு உயில் எழுதியிருக்காரு." புடவைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். "குழந்தை இல்லாமப் போனா மாப்பிள்ளைக்கு."

சின்னக்கண்ணு வாயைத் திறந்தான். ராஜவேலு அவன் காலை மிதித்தார்.

"பாதைக்குக் கிராவல் போடலாம்னு யாரும்மா சொன்னது?"

"எனக்கு சிமென்ட் தளம்தான் ஆசை சார். மழை பெஞ்சா சேறாவாது. பர்மிட் வரலேன்னுட்டாரு. கடப்பாக் கல் போடலாம்னேன். பாசி பிடிச்சா வழுக்கும், மாசமா இருக்கிறவ நடக்கிற இடம்னாரு. தார் போட்டா வெயில்ல நாத்தம் உனக்கு ஆவாதுன்னாரு. ஒவ்வொண்ணா எனக்காகத்தான் யோசிச்சாரு. கடைசியில கிராவல்தான் நல்லதுன்னு முடிவாச்சு."

அப்படிச் சொன்னபோது தேவகிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சொந்தபந்தம் யாரும் இல்லாத ஆள் என்று தெரிந்தும் அப்பா இவரை மாப்பிள்ளை ஆக்கினார். அவர் அவளை ஒரு நாளும் அதட்டிப் பேசியதில்லை. வெளியில் இருந்து எவனோ ஒருவன்தான் இந்த வீட்டின் மேல் கண் வைத்திருக்க வேண்டும்.

எட்டு மணிக்குத் தனக்கோடி மேஸ்திரி கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாவு வீட்டிலிருந்து நேற்று ராத்திரிதான் திரும்பியிருந்தார். பாதையைப் பார்த்ததும் அவருக்குச் சாமி வந்துவிட்டது.

"இன்னாம்மா இது? நான் அடிச்ச முளை எங்க, இவனுங்க போட்ட பாதை எங்க? நாளைக்கு எவனாவது பார்த்தா தனக்கோடி குடிச்சிட்டு நூல் பிடிச்சான்னு சொல்ல மாட்டான்?" அடி அளந்து பார்த்தார். "முழுசா ஒம்போது அடி நகர்ந்து கீது!"

தேவகிக்குத் தன் கண்ணில் கோளாறு இல்லை என்று தெரிந்ததில் முதலில் நிம்மதி. அடுத்த நொடியே அந்த நிம்மதி போய்விட்டது. அப்படியானால் யாரோ வேண்டுமென்றே நகர்த்தியிருக்கிறான்.

"மேஸ்திரி, சிமென்ட் தளம் போட்டிருந்தா எவ்வளவு ஆழம் தோண்டுவீங்க?" என்று கேட்டார் ராஜவேலு.

"ஒன்றரை அடி, ரெண்டு அடி. உடைகல் போட்டு இடிச்சு, ரோலர் ஓட்டி அப்புறம்தான் தளம். கிராவலுக்கு அரை அடி சுரண்டினா போதும். ஆனா இதுக்கும் ரோலர் ஓட்டணுங்க. ஓட்டலியே! திமிசுக் கட்டையால தட்டி வெச்சிருக்கானுங்க."

"ரோலர் வந்துச்சு" என்றாள் தேவகி. "அவருதான் திருப்பி அனுப்பிட்டாரு. அந்த அதிர்ச்சி வயித்துப் பிள்ளைக்கு ஆவாதுன்னு."

"இன்னொண்ணும் புரியல" என்றார் தனக்கோடி. "சிமென்ட் பர்மிட்டு வந்து பத்து நாளாச்சே. தாலுகா ஆபீசுல நான்தான் வாங்கியாந்து ஐயா கையில குடுத்தேன். இன்னாத்துக்குக் கிராவல் போட்டாரு?"

தேவகி சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடை வேலையில் எதைத்தான் ஒருவர் ஞாபகம் வைத்திருக்க முடியும்?

ராஜவேலு மேஸ்திரியின் நூலைக் கேட்டு வாங்கினார். வேலை முடிந்ததும் கூலியாட்கள் அதை ஒரு முளையில் சுற்றி வராந்தா மூலையில் வைத்திருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதை விரலிடுக்கில் உருவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். "இது உங்க முடிச்சா?"

"ஆமாங்க, என்துதான். கோலிக்குண்டு மாதிரி இருக்கும்."

இன்னும் உருவினார். விரல் தாண்டிப் போய்விட்டது, பிறகு சந்தேகப்பட்டுப் பின்னால் வந்தது. "இது?"

தனக்கோடி கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கடுகளவு முடிச்சு. இரண்டு முனையையும் பல்லால் ஒட்டக் கடித்து விட்டிருந்தது. "ஐய, இது நான் போட்டது இல்ல. இவ்ளோ நாசூக்கு எனக்கு ஏது?"

"நூலை நகர்த்தும்போது அறுந்திருக்கு. நகர்த்தினவன் முடிச்சுப் போட்டிருக்கான். மேஸ்திரி நூலுக்கு எப்படிப் போட்டா என்ன? எவ்வளவு பெரிசா இருந்தாலும் யார் கேட்கப் போறாங்க? ஆனா அவன் கைக்கு வேற மாதிரி போடத் தெரியல. தறியில இழை அறுந்தா, அச்சுப் பல்லுல மாட்டாம ஓடறதுக்குப் போடற முடிச்சு இது."

"ஆரணியில வந்து தறிக்காரனைத் தேடறோம்" என்றான் சின்னக்கண்ணு. "ஜல்தியா முடிஞ்சிடும் அண்ணே. ஒரு அம்பதாயிரம் பேரை விசாரிச்சாப் போதும்."

ஆனால் தேவகிக்கு ஒரே ஒரு பெயர்தான் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் இருபது வருஷமாக வாடகைக்குத் தறி போட்டிருந்த முருகேசன். விடியற்காலையில் அவன் வீட்டார் எல்லாரும் சேர்ந்து பாவு நூலை நீட்டிப் பிடிப்பது இந்த வாசல் நிலத்தில்தான். இழுத்துக் கட்டிய பட்டு இழைகளுக்கு அவ்வளவு நீளமான இடம் வேறெங்கும் இல்லை. அந்த இடத்தைப் பாதை விழுங்கிவிட்டது. திங்கட்கிழமை அவன் கேட்டருகே நின்று கூச்சல் போட்டான். 'இந்தப் பாதை வெளங்காது' என்று கையை நீட்டிச் சொன்னது மட்டும்தான் உள்ளே ஜன்னலோரம் நின்ற அவள் காதில் விழுந்தது.

"அவன்தான் சார்" என்றாள். "என் வயித்துல இருக்கிறதைப் பார்த்தே சொன்னான்."

"அவனை அப்புறம் பார்க்கலாம். ஒன்பது அடி நகர்த்தினா அவனுக்கு என்ன கிடைக்கும்? அதை முதல்ல பார்ப்போம். சின்னக்கண்ணு, கடப்பாரையை எடு."

சின்னக்கண்ணு கடப்பாரையோடு பாதையில் இறங்கினான். நாலடிக்கு ஒரு குத்து. ணங், ணங் என்று கெட்டியாகச் சத்தம் வந்தது. "சிமென்ட் கம்பெனி உத்தியோகம்னு சொல்லிக் கடப்பாரை பிடிக்க வெச்சிட்டாரு அக்கா. சம்பளமும் கூலியாளு சம்பளம்தான்." செம்பருத்திக்கு நேரே வந்தான். ஓங்கிக் குத்தினான்.

சத்தம் வரவில்லை.

கடப்பாரை அவன் கையை விட்டு உருவிக்கொண்டு மண்ணுக்குள் போய்விட்டது. முழுசாக. கையகலத்துக்கு ஒரு ஓட்டை மட்டும் மிஞ்சியது. நாலு பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். கடைசியில் எங்கோ கீழே, ரொம்பக் கீழே, தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

சின்னக்கண்ணு அசையவில்லை. நின்ற இடத்தில் அப்படியே குந்தி, பிறகு படுத்து, நெஞ்சாலேயே ஊர்ந்து ஓரத்துக்கு வந்து சேர்ந்தான். வந்ததும் செங்கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே" என்றான். பல் கிட்டியிருந்தது. "எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆவல."

தேவகி அந்த ஓட்டையையே பார்த்தாள். மனிதர்கள் நடந்தால் தாங்கும். கூலியாட்கள் அதன் மேல் நின்றுதான் திமிசு போட்டார்கள். ஒரு கார் ஏறினால்? அவள் பின்சீட்டில், வளையலும் பட்டுப் புடவையுமாக, மடியில் தாம்பூலத் தட்டோடு. அதை நினைத்ததும் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ராஜவேலு ஓட்டையின் மேல் ஒரு முறத்தைக் கவிழ்த்து, அதை மறைத்துக் கொஞ்சம் ஜல்லியை அள்ளிப் போடச் சொன்னார். அப்போதுதான் வேலைக்கு வந்த கார் டிரைவர் சின்னதுரையிடம் நேராகப் போனார். "வண்டி சாவியைக் கொடுப்பா" என்று வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்ட டிரைவரிடம், சிமென்ட் கம்பெனியில் அப்படித்தான் பழக்கம் என்று சின்னக்கண்ணு சொல்லிவைத்தான். அந்த நிலைமையிலும் அவனால் அது முடிந்தது.

கொட்டகையில் முருகேசன் குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். ஐம்பது வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம். தேவகியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். ராஜவேலு உட்காரச் சொல்லிவிட்டு, ஒன்றும் பேசாமல் நூலை அவன் கையில் கொடுத்தார். தேவகி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள். கிட்டப் போகப் பயமாக இருந்தது.

முருகேசன் முடிச்சைக் கட்டை விரலால் தடவினான். "யாரோ தறிக்காரன் போட்டது" என்றான்.

"நீ போட்டதா?"

"நாங்க எங்கங்க முடி போடறோம்? எங்க வீட்டுல இழை அறுந்தா முறுக்கி விடறதுதான்." விரலைப் பக்கத்தில் இருந்த சாம்பலில் தொட்டான். ஒரு பட்டு இழையைப் பிய்த்து, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு திருகு. இழை ஒன்றாகிவிட்டது, முடிச்சே இல்லை. "எங்கப்பன் காலத்துலேருந்து இப்படித்தான். இது பருத்தி நெய்யறவன் கை. லுங்கித் தறி. குடியாத்தம் பக்கம் இப்படித்தான் போடுவாங்க, கடிச்சி விடுவாங்க. நான் பார்த்துக் கீறேன்."

தேவகி யோசித்துப் பார்த்தாள். இந்தத் தெருவில் பருத்தித் தறி ஏது? லுங்கி நெய்பவன் யார்?

"வாசல்ல ஒரு கிணறு இருக்கே, தெரியுமா?" என்றார் ராஜவேலு.

"தெரியாம இன்னா? பழைய ஓனரு பனைமர வாரையைக் குறுக்கப் போட்டு, மேல மண்ணைக் கொட்டி மூடினாரு. பன்னெண்டு வருஷம் ஆவுது. நீங்க குடி வந்தப்பவே ஐயாகிட்ட சொல்லி வெச்சேன். நாங்க பாவு நீட்டறப்பக்கூட அந்தாண்டை போவ மாட்டோம். பாதை அது மேல வருதேன்னு பேஜாராப் பூடுச்சி. ஓடியாந்து திங்கக்கிழமை கேட்டாண்ட நின்னு ஐயாகிட்ட அவ்ளோ சத்தம் போட்டேனே! 'அதைக் கல்லு போட்டு ரொப்பிட்டோம், நீ உன் வேலையைப் பாரு'ன்னு துரத்திவிட்டாரு."

கையை நீட்டிச் சொன்னது அவள் வயிற்றைப் பார்த்து அல்ல. கிணற்றைப் பார்த்து.

தேவகி அங்கே நிற்காமல் வெளியே வந்துவிட்டாள். ராஜவேலு பின்னாலேயே வந்தார். "இல்ல சார்" என்றாள் அவர் வாயைத் திறப்பதற்குள். "அவரை யாரோ ஏமாத்தியிருக்காங்க. ரொப்பிட்டேன்னு சொல்லி ஏமாத்தியிருக்காங்க. அவருக்குத் தறியோட தலையும் தெரியாது வாலும் தெரியாது. திண்டிவனத்துல நெல் வியாபாரம் பண்ண குடும்பம். நீங்க அவரைப் பார்த்ததில்ல."

"இருக்கலாம்மா. நீங்க சொல்றபடி இருந்தா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா இந்த முடிச்சை மட்டும் எடுத்துகினு போலீசுக்குப் போனா, சிரிச்சிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவாங்க."

ஒன்பது மணி அடித்துப் பத்து நிமிஷத்துக்கு வேணுகோபால் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். பட்டு வேட்டி, நெற்றியில் குங்குமம், கையில் மாலையும் பூசணிக்காயும். நல்ல களையான முகம். சிமென்ட் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு கும்பிடு போட்டார். பாதையைக் காட்டி, "எப்படி இருக்கு?" என்றார்.

"பிரமாதங்க" என்றான் சின்னக்கண்ணு. "இதுல ஒரு தடவை போனவங்க மறக்கவே மாட்டாங்க."

மாலையை அவனே வாங்கிக் காரின் முன்னால் கட்டப் போனான். கட்டினானோ இழுத்தானோ, நூல் பட்டென்று அறுந்து பாதி மாலை தரையில் தொங்கியது. "அடடா, கை தவறிடுச்சு" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"இப்படிக் குடுங்க, நேரமாவுது" என்று வேணுகோபால் குனிந்தார்.

தேவகி இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். பார்க்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். முடியவில்லை. அவர் இரண்டு முனையையும் ஒரே கையில் பிடித்தார். கட்டை விரல் ஒரு தடவை புரண்டது. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அவர் பார்வை கைக்கடிகாரத்தில் இருந்தது, விரலில் இல்லவே இல்லை. பிறகு நூலை வாயருகே கொண்டுபோய் இரண்டு முனையையும் நறுக், நறுக்கென்று கடித்துத் துப்பினார்.

இரண்டு வருஷம் அந்தக் கையால் அவள் தலையில் பூ வைத்திருக்கிறார். அந்தக் கை எங்கே பழகிய கை என்று அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. வளையல்கள் கிலுகிலுவென்று குலுங்கத் தொடங்கின. இந்தத் தடவை அவள் அவற்றைப் பிடித்து நிறுத்தவில்லை.

"ஏன் நடுங்கறே? பயமா?" என்று சிரித்தார் வேணுகோபால். "ஏறு. நான் முன்னாடி போய்க் கேட்டுக்கிட்டப் பூசணிக்காய் உடைக்கறேன்."

ராஜவேலு ஒரு அடி முன்னால் வந்தார். தேவகி வேண்டாம் என்று தலையசைத்தாள். தானே கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் சின்னதுரை தன் இடத்தில் உட்கார்ந்தான். சாவி ராஜவேலுவின் பாக்கெட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த சீட்டில் உட்கார்ந்ததும் கீழே ஆழத்தில் கேட்ட தண்ணீர்ச் சத்தம் மறுபடி காதில் கேட்டது. அந்தப் பயத்துக்குள்ளும் ஒரு மூலையில் ஒரு ஆசை. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்துவிட்டால் எல்லாம் பொய்.

"நீங்களும் ஏறுங்க" என்றாள்.

"எனக்குக் கடை இருக்கே."

"வந்தவாசிக்கு வேணாம். கேட்டு வரைக்கும். முதல் தடவை புதுப் பாதையில போறேன். தனியாப் போக பயமா இருக்குது. கேட்டாண்ட இறங்கிக்குங்க."

"பூசணிக்காய் யாரு உடைக்கிறது?"

"நான் உடைக்கறேன் சார்" என்றான் சின்னக்கண்ணு. "நான் எதையும் உடைப்பேன்."

வேணுகோபாலின் கை கதவின் மேல் வந்தது. தேவகி நகர்ந்து இடம் விட்டாள். கதவின் மேல் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு நிமிஷம் அப்படியே இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டார்.

"நீ போ தேவகி. நேரமாவுது."

"வாங்க. முப்பது கெஜம்தானே?"

"சொன்னாக் கேளு. போ!" முதல் தடவையாக அவளிடம் குரலை உயர்த்தினார். நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. "சின்னதுரை, வண்டியை எடு!"

டிரைவர் திருதிருவென்று விழித்தான். தேவகி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "உள்ள கிணறு இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

வேணுகோபால் அவளைப் பார்த்தார். வராந்தாவில் நின்ற தனக்கோடியைப் பார்த்தார். கொட்டகைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த முருகேசனைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினான். ஓடினார் என்று சொல்ல இனி வாய் வரவில்லை. பாதையோடு நேரே ஓடினான். செம்பருத்தி கிட்டே வந்ததும், யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி பாதையை விட்டு விலகி, செங்கல்லைத் தாண்டிப் புல்லில் இறங்கி, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி பாதையில் ஏறினான். வாசலில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

ஆனால் அந்தச் சுற்றில் சில நொடிகள் போய்விட்டன. புல்லோடு நேரே ஓடி வந்த முருகேசன் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டான். தனக்கோடி பின்னால் வந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ" என்றான் டிரைவர் சின்னதுரை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "நானும்தானேம்மா உள்ள இருந்திருப்பேன்? எனக்கு மூணு பசங்கம்மா." ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழ ஆரம்பித்தான்.

கேட்டருகே முருகேசன் அந்த மனிதனின் முகத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "எந்த ஊருத் தறி நீ? குடியாத்தமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உன் நிஜப் பேர் என்ன?" என்று கேட்டார் ராஜவேலு. "அங்க குடும்பம் இருக்கா?"

தேவகிக்கு இங்கிருந்தே எல்லாம் கேட்டது. அவன் வாயைத் திறந்து, வேணுகோபால்தான் என் பேர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவானா என்று பார்த்தாள். அவன் சொல்லவில்லை.

சின்னக்கண்ணு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிவிட்டு ஓடி வந்தான். அவள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான். "ரிக்‌ஷா நிக்குது அக்கா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கூட வரேன். பத்து மணி பஸ் பிடிச்சிடலாம். ராகு காலத்துக்கு முன்னாடி ஊர் எல்லையைத் தாண்டிடலாம்."

தேவகி படியிலேயே நின்றாள். பயம் இன்னும் விட்டபாடில்லை, ஆனால் இது வேறு பயம். காலையில் இருந்தது உயிரைப் பற்றியது. இது இன்னும் ரொம்ப வருஷத்துக்கு இருக்கும் என்று தோன்றியது.

"சின்னக்கண்ணு" என்றாள். "நாளைக்குக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிறப்ப அப்பா பேர் கேட்பாங்களே. இனிஷியல் என்னன்னு சொல்றது?"

சின்னக்கண்ணு அவளைப் பார்த்தான். ராஜவேலுவைத் திரும்பிப் பார்த்தான். அவன் வாய் திறந்தது, ஆனால் அதில் இருந்து எதுவும் வரவில்லை. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, புல்லில் இறங்கி, அவள் கால் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டியபடி முன்னால் நடந்தான்.